பசுவுக்கு நான்கு கால்கள்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிக்குப் பின்னால் இருந்த தெருவில், யாருக்குக் கடுதாசி வந்தாலும் அது நேராகப் பூவம்மாள் வீட்டுக்குத்தான் போகும். பூவம்மாளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அவள் மகள் கிரேஸிக்குத் தெரியும் என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வயசு, மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு, இன்ஸ்பெக்டரம்மா கையால் இரண்டு தடவை பரிசு வாங்கியவள். கடுதாசியைக் கையில் கொடுத்தால் போதும், மடமடவென்று படித்துவிடுவாள்.

ஆனால் கிரேஸிக்குப் படிக்கத் தெரியாது.

சிரிக்காதீர்கள். அந்தப் பெண்ணின் தலை சாதாரணத் தலை இல்லை. ஒரு தடவை காதில் விழுந்தது அதை விட்டு வெளியே போகாது. மற்றப் பிள்ளைகள் சத்தம் போட்டுப் படித்ததைக் கேட்டுக் கேட்டே பாடப்புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தாள். எந்தப் படம் வந்தால் எந்தப் பாடம், எந்த வார்த்தையில் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. எழுதச் சொன்னால் கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவது போல எழுத்தைப் பார்த்து எழுத்தை வரைவாள். என்ன எழுதினாய் என்று கேட்டால் மட்டும் தெரியாது. இவ்வளவு கெட்டிக்காரிக்கு எழுத்து மட்டும் ஏன் பிடிபடவில்லை என்று கேட்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதபடி அவள்தான் பார்த்துக்கொண்டாளே.

தெருவில் வேறு படித்தவர் இல்லையா என்றால், இருந்தார். டேனரி வாசலில் கணக்கப்பிள்ளை ரத்தினசாமி. தபால்காரர் இந்தத் தெருவுக்குள் கால் வைக்க மாட்டார். கடுதாசிகளை ரத்தினசாமியிடம் போட்டுவிட்டுப் போவார். ரத்தினசாமி படித்தும் காட்டுவார், ஆனால் பத்துப் பேர் பார்க்க, நடுநடுவே நையாண்டியோடு. "இன்னாம்மே, உன் ஊட்டுக்காரன் கோலார்லயே செட்டில் ஆய்ட்டான் போலக்குதே!" என்பார். பெண்கள் கூனிக் குறுகிப் போவார்கள். நம்ம பொண்ணு ஒண்ணு படிக்கையில அந்த ஆள் கிட்ட ஏன் போய் நிக்கணும் என்று ஒருநாள் யாரோ சொல்ல, அன்றோடு முடிந்தது கிரேஸியின் நிம்மதி.

அப்போது அவளுக்குப் பத்து வயசு. முதல் கடுதாசியைக் கையில் கொடுத்தபோதே 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வாள்? தெருவே சுற்றி நிற்கிறது. ஆவாரம்பட்டை இடித்து இடித்துக் கை காய்த்துப்போன பூவம்மாள், முகமெல்லாம் பல்லாக முன்னால் நிற்கிறாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. ரத்தினசாமி படித்துக் கேட்ட பழக்கத்தில், "நான் இங்கு சௌக்கியம், அங்கு அனைவரின் சௌக்கியத்துக்கும் எழுதவும்" என்று ஆரம்பித்து, தானாகவே நாலு வரி சேர்த்துச் சொல்லி முடித்தாள். நூற்றுக்குத் தொண்ணூறு கடுதாசியில் அவ்வளவுதானே இருக்கும்? மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டிக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் படித்த கடுதாசியை மறுபடியும் படிக்கச் சொல்வார்கள். ஒரு மாதம் கழித்தும் சொல்வார்கள். வேறு பெண்ணாக இருந்தால் அன்றைக்குச் சொன்ன பொய் மறந்து போய் இரண்டாம் தடவையே சிக்கியிருப்பாள். கிரேஸிக்கு ஒன்றும் மறக்காது. அதே வார்த்தை, அதே வரிசை, அதே இழுப்பு. கதவை அவளே சாத்தி அவளே தாழ் போட்டுக்கொண்டது மாதிரி மூன்று வருஷம் ஓடியது.

அந்தத் தெருவிலேயே அவளை அதிகம் கூப்பிட்டவள் சவுரியம்மாள். புருஷன் இல்லாதவள், ஒரே மகன் இருதயராஜ். சண்டைக்கு ஆள் எடுத்தபோது மூட்டை தூக்கும் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குக் கப்பல் ஏறிப் போயிருந்தான். இங்கே டேனரியில் பட்டாளத்து பூட்ஸுக்கான தோல் ராப்பகலாக ஊறிக்கொண்டிருந்தது. அங்கே அவன் மூட்டை சுமந்தான். அவனிடமிருந்து வந்த கடுதாசிகளை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் கிரேஸியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பாள். கிரேஸி ஒவ்வொன்றையும் "அம்மாவுக்கு ஆயிரம் முத்தம்" என்று முடிப்பாள். அந்த வரி வந்ததும் சவுரியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

ஆடி மாதத்தில் ஒரு கடுதாசி வந்தது. இந்தத் தடவை உள்ளே விலாசம் எழுதிய கார்டு ஒன்றும் இருந்தது. கிரேஸி வழக்கம்போல, சௌக்கியமாக இருக்கிறேன், சண்டை முடியப் போகிறது என்று சொல்லி வைத்தாள்.

"கார்டு வேற வெச்சிருக்கான் பாரு. பதில் எழுதுடி கண்ணு," என்றாள் சவுரியம்மாள். "நான் சொல்றத அப்டியே எழுது. நான் நல்லாக்கறேன். நீ உடம்ப பாத்துக்கோ. சீக்கிரம் வந்து சேரு."

சொல்வதைக் கேட்டு எழுதக் கிரேஸியால் ஆகாது. பார்த்துத்தான் எழுத முடியும். கார்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு, "ஊட்ல உக்காந்து எழுதி எடுத்தார்றேன் அத்தே," என்று ஓடினாள். பாடப்புத்தகத்தைத் திறந்து, எந்தப் பாடம் சின்னதாக இருந்ததோ அதைப் பார்த்துக் கார்டு நிறைய வரைந்தாள். எந்தப் பாடம் என்பது படத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பசு. 'பசு சாதுவான பிராணி. பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு. பசு நமக்குப் பால் தருகிறது.' ஏதோ எழுத்து போய்ச் சேரட்டும், எங்கேயோ கப்பல் தாண்டி இருக்கிற ஆள், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். அவ்வளவுதான் அவள் புத்திக்கு அன்றைக்கு எட்டியது.

அந்த வருஷம்தான் இன்பம் டீச்சர் வேலூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயசு, ஒடிசலான உடம்பு, குரலே வெளியே வராது. ஒருநாள் கிரேஸியின் புத்தகம் இல்லாததால் தன் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். கிரேஸி கணீரென்று படித்து முடித்தாள். மணியடித்து எல்லோரும் போனதும் கிரேஸியை மட்டும் நிறுத்தினாள்.

"இந்தப் புஸ்தகத்துல நீ படிச்ச ரெண்டாம் பக்கம் எங்க இருக்கு, காட்டு."

கிரேஸி திருப்பிப் பார்த்தாள். பக்கம் கிழிந்து போயிருந்தது. இல்லாத பக்கத்தைப் படித்திருக்கிறாள்! கையும் களவுமாக அகப்பட்டு, அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடிக்க மாட்டேன். யாருகிட்டயும் சொல்லவும் மாட்டேன்," என்றாள் டீச்சர். "எழுத்தப் பாத்தா உனக்கு எப்படி இருக்கு? அத மட்டும் சொல்லு."

அதுவரை அவளை யாரும் கேட்காத கேள்வி. கிரேஸிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு எழுத்தப் பாத்தா தெரியுது டீச்சர். அடுத்ததுக்குப் போறதுக்குள்ள முன்னது போய்டுது. வாவும் லாவும் ஒண்ணாவேக்குது. நான் மக்குன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடும்."

"நீ மக்கு இல்ல. என் தம்பியும் இப்படித்தான். மக்கு மக்குன்னு எல்லாரும் அடிச்சோம். நானும் அடிச்சேன். ஒருநாள் சொல்லாம கொள்ளாம ரயிலேறிப் போய்ட்டான்," என்றாள் டீச்சர். பிறகு ரொம்ப நேரம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் டீச்சருக்கும் வழி தெரியவில்லை. ஒரே எழுத்தை நூறு தடவை எழுதச் சொன்னாள், கிரேஸி நூறு தடவை வரைந்தாள், மறுநாள் பூஜ்யம். பிறகு ஒரு திங்கட்கிழமை, சுண்ணாம்பு அரித்துப் போயிருந்த கிரேஸியின் விரல்களைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சனிக்கிழமையில் அம்மாவோடு டேனரிக்குப் போவேன் என்றாள் கிரேஸி. ஒவ்வொரு வியாபாரியும் தன் தோலில் வால் பக்கம் கத்தியால் கீறி அடையாளம் வைத்திருப்பான். சுண்ணாம்புக் குழியில் எல்லாம் ஒன்றாக ஊறி, ஊதி, வழுவழுவென்று வெளியே வரும்போது அந்தக் கீறல் கண்ணுக்குப் பிடிபடாது. கிரேஸி விரலால் தடவியே சொல்லிவிடுவாள், இது நெமிலிக்காரர் தோல், இது பள்ளிகொண்டாக்காரர் தோல் என்று.

"விரலால தெரியுதா?" என்று இரண்டு தடவை கேட்டாள் டீச்சர். "நாளைக்கு வரும்போது வெட்டிப் போட்ட தோல் துண்டு கொஞ்சம் எடுத்துட்டு வா."

கத்தரிக்கோலால் அந்தத் துண்டுகளில் எழுத்து வெட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னாள். கிரேஸிக்கு நன்றாகத் தெரிந்த பாடத்திலிருந்தே ஆரம்பித்தார்கள். முதலில் ப, அப்புறம் சு. பத்து நாள் தடவியபின் ஒரு சாயங்காலம், புத்தகத்தில் அந்த இரண்டு எழுத்தின் மேல் விரல் ஓடியபோது 'பசு' என்று வாய் தானாகச் சொல்லிற்று. மனப்பாடத்திலிருந்து வந்தது அல்ல, காகிதத்திலிருந்து வந்தது. கிரேஸி விக்கித்துப் போய் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஏதோ செய்தாள்.

ஆனால் கடுதாசி விஷயத்தை மட்டும் கிரேஸி அவளிடம் சொல்லவில்லை. புத்தகத்துப் பொய்யை டீச்சர் மன்னித்துவிட்டாள். ஊரார் கடுதாசியில் சொன்ன பொய்யை எப்படி மன்னிப்பாள்?

ஐப்பசியில் இருதயராஜிடமிருந்து இன்னொரு கடுதாசி வந்தது, உள்ளே இன்னொரு கார்டோடு. அப்போது கிரேஸி பாதி எழுத்துகூடத் தாண்டவில்லை. சுற்றி ஆட்கள் இருந்தார்கள். பழைய பழக்கம் முந்திக்கொண்டது. "கிறிஸ்துமஸுக்கு வர்றேன். அம்மாவுக்குச் சீமைத்துணி வாங்கி வர்றேன். பதில் போட வேணாம், நேர்லயே பேசிக்கலாம். அம்மாவுக்கு ஆயிரம் முத்தம்." பதில் வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டது, இன்னொரு கார்டை நிரப்பும் பாட்டிலிருந்து தப்பிக்கத்தான். சவுரியம்மாள் தலைகால் புரியாமல் குதித்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், மகனுக்கென்று புதுப் பாய் வாங்கினாள்.

கார்த்திகை நடுவில் ஒரு ஞாயிறு. "அந்தக் கடுதாசிய இன்னொருதரம் படி கண்ணு," என்று நீட்டினாள் சவுரியம்மாள். கிரேஸி வாயால் சீமைத்துணி, கிறிஸ்துமஸ் என்று ஒப்பித்துக்கொண்டே, புதுப் பழக்கத்தில் எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள். இருதயராஜுக்காக வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. எழுத்து குண்டு குண்டாக, ஒட்டாமல் இருந்தது. விரல் ஓர் இடத்தில் நின்றது. ப. சு.

இருதயராஜ் கடுதாசியில் பசு எங்கிருந்து வந்தது? வாய் மட்டும் நிற்காமல் ஆயிரம் முத்தம் வரைக்கும் போய் முடித்தது.

சவுரியம்மாள் கடுதாசியை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டாள். படித்ததும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். ஆகவே அந்தப் பெண் செய்ததைப் பாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் போய் உட்கார்ந்து, வாய் பொய்யைச் சொல்ல, விரல் உண்மையைத் தேடியது. இரண்டாம் ஞாயிறு 'நான்கு கால்கள்' கிடைத்தது, 'சிரித்தார்கள்' கிடைத்தது. தேடிய எழுத்துகளை எல்லாம் தலைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்து, வாரம் முழுக்கத் தோல் எழுத்துகளை வைத்துக் கோத்துப் பார்த்தாள். மூன்றாம் ஞாயிறு முழுவதும் கிடைத்துவிட்டது. கடுதாசி வந்தது பஸ்ராவிலிருந்து அல்ல, பம்பாய் ஆஸ்பத்திரியிலிருந்து.

மறுநாள் இன்பம் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான் இன்னா பண்றது டீச்சர்?"

டீச்சர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷன். இப்ப விஷயம் வெளிய வந்தா உன்ன பள்ளிக்கூடத்த விட்டே எடுத்துடுவாங்க. தெரிஞ்சும் மறைச்சேன்னு என்னையும் அனுப்பிடுவாங்க. அது முடியட்டும் கிரேஸி. அப்புறம் நானே வந்து படிச்சுக் காட்டறேன்."

"கிறிஸ்துமஸுக்கு பத்து நாள்தான் டீச்சர் இருக்குது."

"நாலு நாள் பொறு. எனக்காக."

அவளை மாதிரி நல்லவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. அவளுக்கும் பயம் இருந்தது, அவ்வளவுதான். கிரேஸி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அம்மாவுக்காக மூன்று வருஷம் பொறுத்தாயிற்று, இப்போது டீச்சருக்காக நாலு நாள். அதற்குள் பம்பாயிலிருந்து ஒருவன் எங்கேயாவது போய்விட்டால்? ஆற அமர யோசித்தால் தைரியம் போய்விடும் என்று தெரிந்து, வீட்டுக்குப் போகாமல் நேராகச் சவுரியம்மாள் வீட்டுக்கு நடந்தாள். சவுரியம்மாள் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். உதவிக்குப் பூவம்மாளும் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தே, கடுதாசிய எடு. நான் ஒழுங்கா படிக்கணும்."

சவுரியம்மாள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். கிரேஸி தரையில் விரித்து, விரலை வைத்து ஆரம்பித்தாள்.

"அம்... அம்மாவுக்கு. கா... கார்டு வந்தது. வா... வார்டில் எல்... எல்லோருக்கும் படித்... படித்துக் காட்டினார்கள்..."

"இன்னாடி ஆச்சு உனக்கு? தொண்ட கட்டிக்கிச்சா?" என்றாள் பூவம்மாள்.

"கால் போன... போனதைப் பற்றி நான் எழு... எழுதினேன். நீ பசு... பசுவுக்கு நான்கு கால்கள் என்று எழுதி... எழுதியிருக்கிறாய். எல்லோரும் சிரி... சிரித்தார்கள். ஒற்றைக் கா... காலோடு வர... வர வேண்டாம் என்று..."

"நிறுத்துடி!" சவுரியம்மாள் கடுதாசியைப் பிடுங்கினாள். "இன்னாத்த உளறுற? நேத்து வரைக்கும் மடமடன்னு படிச்ச, இன்னிக்கு தட்டுத்தடுமாறி ஏதோ காலு கீலுன்னு! என் புள்ள சீமைத்துணி எடுத்தார்றான்னு உன் வாயாலயே எத்தினி தபா படிச்ச? பூவு, இவளுக்குக் காத்து கீத்து அடிச்சிருக்குதா பாரு."

நியாயம்தானே. மடமடவென்று வந்த பொய்யை மூன்று வருஷம் நம்பியவள், திக்கித் திக்கி வந்த உண்மையை எப்படி நம்புவாள்? கிரேஸிக்கு அந்தப் பொய்யிலிருந்து வெளியேற இருந்தது ஒரே வழி, அதில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அது வேகமா வந்துச்சுன்னா அது கடுதாசில இல்ல அத்தே. நானா சொன்னது. எனக்குப் படிக்கத் தெரியாது. இப்பத்தான் ரெண்டு மாசமா கத்துக்கறேன். மொத கார்டு எழுதச் சொன்னியே, நீ சொன்னத எழுதத் தெரியாம பசு பாடத்தப் பாத்து எழுதிட்டேன்."

பூவம்மாள் எழுந்து வந்து பளீரென்று ஓர் அறை விட்டாள். இன்னொன்றுக்குக் கை ஓங்கி, ஓங்கிய கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் முறுக்கு கருகிக்கொண்டிருந்தது.

சவுரியம்மாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "முன்னல்லாம் வந்த கடுதாசிங்க?"

"எல்லாமே நான் சொன்னதுதான்."

"ஆயிரம் முத்தம்?"

"அதுவும் நான்தான் அத்தே."

சவுரியம்மாள் அழவில்லை. கடுதாசியைத் தரையில் மறுபடியும் விரித்து வைத்தாள். "மீதியப் படி," என்றாள்.

மீதியில் இருந்தது இவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்குள் பம்பாய் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பச் சொல்கிறார்கள். இன்னொரு கார்டு வைத்திருக்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுதினால் வருகிறேன். எழுதாவிட்டால் எங்கேயாவது போகிறேன், தேட வேண்டாம். அதைப் படித்து முடிக்கக் கிரேஸிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. சவுரியம்மாள் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை.

கார்டை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். "எழுது."

கிரேஸி எழுதினாள். ஒரே வார்த்தை. வியர்த்துக் கொட்டியது.

சவுரியம்மாள் கார்டை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். கிரேஸி பின்னாலேயே ஓடினாள். போனது டேனரி வாசலுக்கு, அந்த ரத்தினசாமியிடம். வேலை விட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம், முப்பது பேராவது இருப்பார்கள். எந்த வாய்க்குப் பயந்து மூன்று வருஷம் ஒரு கடுதாசியையும் அவரிடம் பிரித்துக் காட்டவில்லையோ, அந்த வாய்க்கு முன்னால் போய் நின்று கார்டை நீட்டினாள்.

"இதுல இன்னா எழுதிக்குது, படிச்சுச் சொல்லுங்க."

"ஏன், உங்க தெருவு பண்டிதை இன்னா ஆனா?" என்றார் ரத்தினசாமி. கூட்டம் சிரித்தது.

கிரேஸி சிரிப்பைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாவும் லாவும் அவளுக்கு ஒன்று. கை தவறி மாற்றி எழுதியிருந்தால் பம்பாய் வார்டில் மறுபடியும் சிரிப்பார்கள், அவன் போய்விடுவான். ரத்தினசாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். கார்டைத் தூரத்தில் பிடித்தார், கிட்டே பிடித்தார்.

"வா," என்றார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லியே. வான்னு மட்டுந்தான் போட்டுக்குது. யாருக்கும்மே இது?"

"எம் புள்ளைக்கு. இன்னிக்குத் தபால்லயே போவணும்," என்றாள் சவுரியம்மாள். அவர் கார்டைப் பைக்குள் போடுகிற வரைக்கும் நின்று பார்த்தாள்.

திரும்பி வரும்போது அவள் கிரேஸியின் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷமாகப் பிடித்த கை. கார்டு போய்ச் சேருமுன் அவன் கிளம்பிவிட்டானா என்று இருவருக்கும் தெரியாது. நாளைக்கு இந்தச் சிரிப்பு பள்ளிக்கூடம் வரைக்கும் போகும், வியாழக்கிழமை இன்ஸ்பெக்டரம்மா வருவாள், இன்பம் டீச்சர் என்ன ஆவாள் என்பதும் கிரேஸிக்குத் தெரியாது. பூவம்மாள் இன்னும் அதே இடத்தில், கருகிய முறுக்குச் சட்டிக்கு முன்னால், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சவுரியம்மாள் உள்ளே போய்த் தகரப் பெட்டியை எடுத்து வந்து கிரேஸியின் முன்னால் வைத்தாள்.

"பஸ்ரா கடுதாசி ஏழு இருக்குது. எம் புள்ள இன்னா எழுதினான்னு நான் இன்னும் கேக்கல. உக்காரு. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல," என்றாள். "வேகமா மட்டும் படிச்சுடாத."

கிரேஸி முதல் கடுதாசியைப் பிரித்து விரலை வைத்தாள்.